வழியனுப்ப வந்த தீவு

கரையிலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரம் போலவும், வள்ளத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் வயிற்றைப் புரட்டுவதாகவும் இருந்த மூக்குத்தித் தீவில், நூற்றுப் பதினெட்டு வீடுகளும், ஓர் அந்தோணியார் கோவிலும், ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறும், எண்ணிச் சொல்ல யாருக்கும் பொறுமை வராத அளவுக்கு ஆடுகளும் இருந்த காலத்தில், அந்தத் தீவு ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி ஒரு கப்பலுக்குப் பின்னால் போயிற்று.

ஏன் போயிற்று என்று கேட்பதற்கு முன்னால் தீவுக்காரர்களின் மரியாதையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விருந்தாளி புறப்பட்டால் வாசலோடு நின்றுகொண்டு கையாட்டுவதெல்லாம் கரைக்காரர்களின் அரைகுறை மரியாதை. தீவில் அப்படி இல்லை. விருந்தாளி திரும்பிப் பார்த்து, "நில்லுங்க, வந்துருதேன்" என்று வாய் திறந்து சொல்லும்வரை வீட்டுக்காரர் பின்னாலேயே நடக்க வேண்டும். மணல் முடிந்து கடல் வந்தால் கடலிலும் நடக்க வேண்டும். ஊர்த்தலைவர் பங்கிராசுடைய பாட்டனார், மறதிக்கார மச்சினன் ஒருவனை வழியனுப்பப் போய், அவன் வள்ளத்தோடு கழுத்தளவு தண்ணீரில் நடந்து, வாய் முங்கி மூக்கு முங்கப் போகிற நேரத்தில்தான் மச்சினனுக்கு ஞாபகம் வந்து சொன்னானாம். அவர் நின்ற இடத்தில் ஒரு மூங்கில் நட்டிருந்தார்கள். வீட்டு ஆளுக்கும் இதே சட்டம்தான். கடலுக்குப் போகிற புருஷன், தண்ணீரில் கால் வைக்கும் முன் திரும்பி, "நில்லு, வந்துருதேன்" என்று சொன்னால்தான் பெண்டாட்டி வீட்டுக்குத் திரும்புவாள். இது மரியாதையா பைத்தியமா என்று கரையில் கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தீவில் யாரும் நினைத்ததில்லை.

மூன்று வருஷமாகப் புதன்கிழமைதோறும் அந்தத் தீவுக்கு ஓர் உல்லாசக் கப்பல் வந்துகொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு பேர் ஏறிய கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். சின்னப் படகுகளில் வெள்ளைக்காரர்கள் தொப்பியும் தைலமுமாக வந்து இறங்குவார்கள். அவர்களிடம் கொடுத்த அட்டையில் 'தீவுக் கிராமத்தின் பாரம்பரிய வாழ்க்கை, இரண்டரை மணி நேரம், இளநீர் உட்பட' என்று போட்டிருக்கும். ஆகவே அந்த இரண்டரை மணி நேரத்துக்கு மட்டும் ஊர் பாரம்பரியமாகிவிடும். பிளாஸ்டிக் நாற்காலிகள் கோவிலுக்குப் பின்னால் போகும். மிக்சியின் மேல் சாக்கு விழும். அத்தனை வருஷம் கோழி அடைந்து கிடந்த உரலைக் கழுவி நடுமுற்றத்தில் வைத்து, பிரகாசி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, "ஏட்டி, வாறாவ, வாறாவ" என்று கத்திவிட்டு, வெறும் உரலை உலக்கையால் இடிப்பாள். நாலு மணிக்கு விருந்தாளிகள் கையாட்டிக்கொண்டு படகேறுவார்கள். நாலரைக்குக் கப்பல் மூன்று தடவை ஊதிவிட்டுப் போய்விடும். ஒருத்தரும் "நில்லுங்க" என்று சொன்னதில்லை. ஆனால் சாமியார் இல்லாத நாளெல்லாம் செபம் சொல்லி ஊரை மேய்க்கிற உபதேசியார், முதல் வாரத்திலேயே யோசித்து, கப்பல் ஊதுவதையே 'நில்லுங்க' என்று எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் மூன்று வருஷத்தில் ஊரில் பாதிப்பேர் முங்கிப் போயிருப்பார்கள்.

கித்தேரியின் புருஷன் கயித்தானுக்கு அந்தப் பாரம்பரியத்தில் வலை வீசுகிற வேலை. கயித்தான் சும்மா ஆள் இல்லை. ஒரு வைகாசியில், தன்னை விட நீளமான மயில்கோலா மீனோடு தனி ஆளாக ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டி, அதைக் கரைக்கு இழுத்து வந்தவன். அப்பேர்ப்பட்டவன் புதன்கிழமைதோறும் கோவணம் போல வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, நண்டுகூட எட்டிப் பார்க்காத முழங்கால் தண்ணீரில் வலை வீச வேண்டும். படமெடுக்கிறவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக, ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு சீலா மீனைக் காலையிலேயே எடுத்து வெயிலில் வைத்து, உறைந்தது இளகியபின் வலைக்குள் முடிந்து வைத்திருப்பார்கள். வலையை இழுப்பான், மீன் விழும், கைதட்டுவார்கள். அவன் முகத்தில் சிரிப்பு மட்டும் வராது. அதைக் கித்தேரி மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லத் தோன்றவில்லை. சில வீடுகளில் இப்படித்தான், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எல்லாம் தள்ளிப் போகும்.

அந்தப் புதன்கிழமை மீனை வெயிலில் வைக்க மறந்துவிட்டார்கள். கயித்தான் வலையை வீசினான், இழுத்தான், பாறை மேல் உதறினான். சீலா மீன் கல்லாக விறைத்துப் போய், பாறையில் விழுந்து, "டங்" என்றது. இரும்புக் கம்பி விழுந்த அதே சத்தம். சுற்றி நின்ற நாற்பது வெள்ளைக்காரர்களும் அதுவும் பாரம்பரியம்தான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கித்தேரிதான் முதலில் சிரித்தாள். கொஞ்சமாகச் சிரித்திருந்தால் பரவாயில்லை. கையிலிருந்த இளநீரைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் ஆரம்பித்ததும் ஊரே ஆரம்பித்தது. அவள் மீனைப் பார்த்துத்தான் சிரித்தாள். ஆனால் மூன்று வருஷமாக அவன் பயந்துகொண்டிருந்த சிரிப்பு அதுதான் என்று அவன் காதில் விழுந்துவிட்டது.

கப்பலின் நிகழ்ச்சி மானேஜர் ரெக்ஸ், ஒலிபெருக்கியும் கையுமாகத் திரிகிற தூத்துக்குடிப் பையன், அடுக்களைக்கு மீன்குழம்பு வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கயித்தான் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கடைசிப் படகை நோக்கி நடந்தான். கித்தேரி பின்னாலேயே நடந்தாள். "இங்க பாரும், நான் உம்மப் பாத்துச் சிரிக்கல" என்றாள். அவன் திரும்பவில்லை. மணல் முடிந்தது. கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது. அவன் படகில் ஏறி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, போயேவிட்டான். அவள் அந்த ஒரு வார்த்தைக்காக அங்கேயே நின்றாள். கப்பல் மூன்று தடவை ஊதியது. அப்போது அவள் முழங்கால் நடுங்கியது. நடுங்கியது முழங்கால் இல்லை, காலுக்குக் கீழே இருந்த மணல் என்று அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தண்ணீர் அவள் காலுக்கு இரண்டு பக்கமும் விலகி ஓடியது. தீவு நடந்துகொண்டிருந்தது.

ஊருக்குள் வந்து, "அவிய கப்பல்ல வேலைக்குப் போயிருக்காவ" என்று மட்டும் சொன்னாள். "சொல்லிட்டுத்தானே போனான்?" என்று பிரகாசி கேட்டதற்கு, "பின்ன சொல்லாமயா?" என்று சொல்லிவிட்டு அடுப்பில் உலை வைத்தாள். அது ஒரு பொய். சின்னப் பொய்தான், ஆனால் ஒன்றேகால் மைல் நீளமான தீவு அந்தப் பொய்யின் மேல் ஏறிக்கொண்டு தெற்கே போய்க்கொண்டிருந்தது.

கிளம்பும்போது தீவு அரைச்சுற்றுத் திரும்பியிருந்ததால், வியாழக்கிழமை காலையில் சூரியன் கோவிலின் பின்பக்கத்தில் உதித்து அந்தோணியாரின் பிடரியில் வெயிலடித்தது. உபதேசியார் சுரூபத்தை மெல்லத் திருப்பி வைத்தார். அவ்வளவுதான் கோவில் விவகாரம். மற்றபடி ஊரில் யாரும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காரவில்லை. புறப்பட்டது எதற்காக என்று பார்த்த உடனேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. முன்னால் அரை மைல் தூரத்தில் கப்பல் போகிறது, பின்னால் தீவு போகிறது. கப்பல் வேகம் எடுத்தால் தீவும் வேகம் எடுத்தது, குடத்துத் தண்ணீர் தளும்பியது. கப்பல் தயங்கினால் தீவும் தயங்கியது. முந்தவும் இல்லை, ஒட்டிப் போய் உரசவும் இல்லை. விருந்தாளிக்குப் பின்னால் வீட்டுக்காரர் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடந்தது. "நாம இத்தன தலைமுறையா நடந்ததப் பாத்துப் பாத்து மண்ணுக்கும் பழகிட்டுது" என்றார் தலைவர் பங்கிராசு. அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று காலை கரையிலிருந்து போன் வந்தது. தினமும் வள்ளத்தில் வந்து பாடம் நடத்துகிற இசக்கியப்பன் வாத்தியார், தீவு இருந்த இடத்தில் வள்ளத்தை நிறுத்திக்கொண்டு பேசினார். "தலைவரே, தீவக் காணோம். வருகைப் பதிவேட்டுல என்னன்னு எழுத?"

"நாங்க எல்லாம் இங்கனதான் இருக்கோம் சார். வந்தாச்சுன்னே போடும்."

"இங்கனன்னா எங்கன?"

"அதத்தான் நாங்களும் எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

வாத்தியார் மரியாதைக்காரர். "சரி, அப்போ நான் வந்துகிட்டே இருக்கேன்" என்று சொல்லி, வள்ளத்தைத் தெற்கே திருப்பினார். அந்தப் போன் அழைப்புக்குப் பிறகு எல்லோருடைய போனுக்கும் வேறொரு நாட்டுக்கு நல்வரவு சொல்லிச் செய்தி வந்தது. பிரகாசி அதைப் படித்துவிட்டு, கூப்பிட்டதற்கு மரியாதையாக நல்ல சேலையை எடுத்து உடுத்திக்கொண்டாள்.

வியாழன் மதியத்துக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. ஆழ்கடலுக்குப் போய்ப் பிடிக்க வேண்டிய சூரை மீன் கொல்லைப்புறத்திலேயே வந்து தூண்டிலைக் கடித்ததால், ஆண்கள் கட்டிலை வாசலில் போட்டுப் படுத்துக்கொண்டு, கால் கட்டைவிரலில் தூண்டில் நரம்பைக் கட்டிக்கொண்டார்கள். துவைத்த துணி கொடியில் போடுவதற்குள் காய்ந்துவிட்டது என்று பெண்கள் சொன்னார்கள். ஆடுகள் எல்லாம் ஒரே திசை பார்த்து நின்றன. வடக்குத் தெருவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. அது தீவின் முன்முனையாகிவிட்டது, வள்ளத்தின் முன்பக்கத்தை அணியம் என்று சொல்வதால் அவர்கள் தங்கள் தெருவுக்கு அணியத்தெரு என்று ஒரே நாளில் பேர் வைத்துக்கொண்டு, தெற்குத் தெருக்காரர்கள் வந்து வேடிக்கை பார்ப்பதற்கு நேரம் ஒதுக்கினார்கள். தெற்குத் தெருவில் கருவாடு காயப்போடுகிற இடம் இருந்ததால், காற்று திரும்பி, மூன்று தலைமுறையாக அவர்கள் மேல் அடித்த நாற்றம் கடலுக்குப் போயிற்று. எனவே அவர்களும் குறை சொல்லவில்லை.

கஷ்டம் வேறு வழியில் வந்தது. கப்பலின் பின்தட்டில் ஆயிரத்து இருநூறு பேரும் தூரக்கண்ணாடியோடு வந்து நின்றுவிட்டார்கள். கப்பல்காரர்கள் முதலில் ராடார் கருவி கெட்டுப் போயிற்று என்று பயந்து, பிறகு விருந்தாளிகளின் சந்தோஷத்தைப் பார்த்து, 'பின்தொடரும் கிராமம், விடிந்தது முதல் பொழுது அடையும்வரை' என்று புது அட்டை அடித்துவிட்டார்கள். இரண்டரை மணி நேரப் பாரம்பரியம் முழுநாள் பாரம்பரியமாயிற்று. தூரக்கண்ணாடி ஒன்று வெயிலில் மின்னினால் போதும், பிளாஸ்டிக் நாற்காலி ஓட வேண்டும், மிக்சி நிற்க வேண்டும், பிரகாசி உலக்கையைத் தூக்க வேண்டும். வெறும் உரலை எவ்வளவு நேரம் இடிப்பது என்று அவள் அரிசியைப் போட்டு இடிக்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுவதற்கும் மாவு இடித்து, மூன்று வேளையும் எல்லார் வீட்டிலும் புட்டு.

கித்தேரி இதையெல்லாம் அணியத்தெருவின் கடைசிப் பாறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலின் அடித்தட்டில் ஓர் அடுக்களைச் சன்னல் இருந்தது. அதில் ஒரு தடவை ஓர் உயரமான வெள்ளைத் தொப்பி தெரிந்து மறைந்தது. கயித்தானுடைய காதுகள் அந்தத் தொப்பிக்குக் கீழே விடைத்துக்கொண்டு நின்றதை அவள் அரை மைலிலிருந்தே கண்டுகொண்டாள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகை வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் புட்டைத் தின்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெக்ஸ் ஒலிபெருக்கியில் கூப்பிட்டான். "தலைவரே! நாளைக்குப் பதினோரு மணிக்கு நாங்க துறைமுகத்துக்குள்ள போறோம். துறைமுகத்து வாய் எழுநூறு அடி. உங்க ஊரு அகலம் எவ்வளவு?"

தலைவர் யோசித்துப் பார்த்தார். கோவிலிலிருந்து கிணற்றுக்கு மட்டுமே அதைவிடத் தூரம். ஊர் இரண்டு பக்கமும் கருங்கல் சுவரில் மோதிப் பிளக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கோவில் மணியை அடித்து ஊரைக் கூட்டினார்.

"கப்பலு புதன்கிழமை சரியா ஊதல, அதான் காரணம்" என்றார் உபதேசியார். உடனே ரெக்சிடம் சொல்லிக் கப்பலை ஊதச் சொன்னார்கள். மூன்று தடவை, அப்புறம் ஆறு தடவை, அப்புறம் ஆடுகள் மிரண்டு வேலியைத் தாண்டும் வரை ஊதினார்கள். தீவு நிற்கவில்லை. "அப்போ வாய் திறந்துதான் சொல்லணும் போல" என்றார் உபதேசியார். சாயங்காலம் வரை ரெக்ஸ் ஆயிரத்து இருநூறு பேருக்கும் பாடம் எடுத்தான். சூரியன் சாய்வதற்குள் அவர்கள் பின்தட்டில் வரிசையாக நின்று, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, ஒரே குரலில், "நில்ங்கோ, வந்த்ருதோம்" என்று கடல் அதிரக் கத்தினார்கள். சில கிழவிகள் அழவே செய்தார்கள். ஊர்க்காரர்களுக்கும் மூன்று வருஷக் கடன் தீர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் தீவு நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, துறைமுகச் சுவர் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. உபதேசியார் கோவில் படியில் உட்கார்ந்து சொன்னார்: "விருந்தாளிய எல்லாம் சொல்லியாச்சு. அப்படின்னா இந்த ஊரு ஆளு யாரோ ஒருத்தன் சொல்லாமப் போயிருக்கான். யாரு அது?"

பிரகாசியின் மருமகன் பங்குனியில் ஊருக்குப் போனான், அவன் சொல்லிவிட்டுப் போனதற்கு நாலு சாட்சி இருந்தது. கயித்தானைத் தவிர வேறு யாரும் போகவில்லை. எல்லாரும் மெதுவாகக் கித்தேரியின் பக்கம் திரும்பினார்கள்.

"கயித்தான் சொல்லிட்டுத்தானம்மா போனான்?" என்று தலைவர் கேட்டார். அவர் சந்தேகத்தோடு கேட்கவில்லை, அவளுக்காகப் பயந்து கேட்டார். அதுதான் அவளைக் கொன்றது.

"சொல்லல மாமா" என்றாள் கித்தேரி. "முழங்காலு வரைக்கும் பின்னாலயே போனேன். திரும்பியே பாக்கல. நான் சிரிச்சேன்ல, அந்தக் கோவம். மூணு நாளா ஊரப் பொய் சொல்லி ஏமாத்திட்டேன்."

"அடிப்பாவி" என்றாள் பிரகாசி. "மூணு நாளா இடிச்சேனேட்டி! தோள்பட்ட எறங்கிப் போச்சேட்டி!" அதற்கு மேல் யாரும் திட்டவில்லை. அன்றைக்குச் சிரித்ததில் எல்லாருக்கும் பங்கிருந்தது.

கோவில் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு ஊரே அணியத்தெருவுக்கு ஓடியது. தலைவர் கூப்பிட்டார், ரெக்ஸ் அந்தப் பக்கம் கூப்பிட்டான், கடைசியில் பின்தட்டில் ஆயிரத்து இருநூறு பேர் விலகி வழிவிட, உயரமான வெள்ளைத் தொப்பியோடு கயித்தான் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏல கயித்தான்! ஒத்த வார்த்த! 'நில்லு'ன்னு சொல்லிட்டுப் போலே!" என்று தலைவர் கெஞ்சினார்.

கயித்தான் ரெக்சின் ஒலிபெருக்கியை வாங்கினான். "அவ ஏன் சிரிச்சா?"

கித்தேரி தலைவர் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள். "மீனு டங்குன்னு விழுந்தா சிரிக்காம ஒப்பாரியா வைப்பாவ?"

"அத்தன பேரு முன்னால!"

"அத்தன பேரு முன்னால விழுந்துச்சு, அத்தன பேரு முன்னால சிரிச்சேன். நீரு மயில்கோலாவக் கொண்டாந்த அன்னைக்கும் அத்தன பேரு முன்னாலதான் நான் அழுதேன். அது ஒமக்கு ஞாபகம் இல்ல."

ரெக்ஸ் இதை வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னான். பின்தட்டில் பெண்கள் எல்லாரும் கித்தேரியின் பக்கம் சேர்ந்துவிட்டது அவர்கள் தலையசைத்ததில் தெரிந்தது. கயித்தானுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் முறுக்கிய கயிறு உடனே பிரியாது. சுவர் இப்போது கல் கல்லாகத் தெரிந்தது, அதன் முனையில் இருந்த சிவப்பு விளக்குக் கம்பமும் தெரிந்தது.

"சொல்லுதேன்" என்றான் கடைசியில். "ஊருக்காகச் சொல்லுதேன். நான் சொன்னா நீயும் நின்னுருவ, என்ன?"

அவன் சொன்னால் தீவு நிற்கும். கப்பல் போய்விடும். முறைப்படி விடைபெற்றுப் போனவனாகிவிடுவான், எப்போது வருவான் என்று கேட்க அவளுக்கு வாயிருக்காது. சொல்லாவிட்டால் ஊர் உடையும். கித்தேரி ஊரைத் திரும்பிப் பார்த்தாள். ஆடுகளைப் பார்த்தாள், மாவு படிந்த பிரகாசியைப் பார்த்தாள். ஒலிபெருக்கியைத் தலைவர் கையில் கொடுத்தாள்.

"ஊரு நிக்கும்" என்று வெறும் வாயால் கத்தினாள். "சொல்லும். ஊரு நிக்கும். நான் நிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பாறையிலிருந்து இறங்கிக் கடலில் நடந்தாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. தலைவரின் பாட்டனார் நடந்த அதே நடை. நெஞ்சு, கழுத்து. கித்தேரிக்கு நீச்சல் தெரியாது என்பது கப்பலில் ஒரே ஓர் ஆளுக்குத் தெரியும்.

"ஏட்டி! நில்லு!" என்று கயித்தான் அலறினான். "நில்லுட்டி! நில்லு! வந்துருதேன்!"

தீவு நின்றது. மூக்கணாங்கயிறு இழுபட்ட வண்டிமாடு போல ஒரே குலுக்கில் நின்றது. நூற்றுப் பதினெட்டு வீட்டிலும் பானைகள் உருண்டன, நானூறு தேங்காய் விழுந்தது, அந்தோணியார் தானாகவே பழைய திசைக்குத் திரும்பிக்கொண்டார். கப்பல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. மூன்று நாளாக அரை மைலுக்கு மேல் கூடாமல் குறையாமல் இருந்த இடைவெளி முதல் தடவையாகப் பெரிதாகத் தொடங்கியது. அதைக் கயித்தான் பார்த்தான். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி தலையில் வைத்துவிட்டு, கம்பியைத் தாண்டிக் குதித்தான்.

அவன் நீந்தி வந்து சேரும்வரை கித்தேரி கழுத்தளவு தண்ணீரில் அசையாமல் நின்றாள். தலைவர் கூப்பிட்டும் ஏறவில்லை. "நில்லுன்னு சொன்னீரு. நின்னேன்" என்றாள். கயித்தான் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் தோளைப் பிடித்தான். பிறகு, "டங்குன்னுதான்ட்டி விழுந்துச்சு" என்றான். சொல்லிமுடிப்பதற்குள் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏற ஏற இரண்டு பேரும் சிரித்தார்கள். துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த கப்பலிலிருந்து கைதட்டல் வெகுநேரம் கேட்டது.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்நிய ஊர்த் துறைமுகத்தின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தீவு எவ்வளவு நேரம் நிற்க முடியும்? துறைமுகத்துக்காரர்கள் விசிலடித்தார்கள். நின்ற தீவைத் திருப்பிக்கொண்டு போவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. இரண்டரை நாளாக வள்ளத்தில் துரத்திக்கொண்டு வந்த இசக்கியப்பன் வாத்தியார், உப்புப் பூத்த சட்டையும், பாலித்தீன் பையில் சுற்றிய வருகைப் பதிவேடுமாக வந்து இறங்கி, "மன்னிக்கணும், கொஞ்சம் தாமதமாயிட்டு" என்றார்.

அவரைப் பார்த்ததும் கித்தேரிக்குத்தான் புத்தி வேலை செய்தது. வாத்தியாருக்குப் புட்டு கொடுத்து, சட்டை மாற்றக் கொடுத்து, பையன்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட வைத்துவிட்டு, பவ்யமாகச் சொன்னாள்: "சார், இப்போ நீங்க ஒங்க வீட்டுக்குப் போங்க. ஆனா போம்போது ஒண்ணுமே சொல்லப்படாது. திரும்பியும் பாக்கப்படாது. நல்லாக் கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி போகணும்."

வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. ஆட்டுக்குட்டியிடம்கூட விடைபெற்றுக்கொண்டு போகிற மனுஷன் அவர். முதல் தடவை கிளம்பினார், தீவும் அவர் வள்ளத்துக்குப் பின்னால் வடக்கே கிளம்பியது, இருநூறு அடி போனதும் பழக்க தோஷத்தில் திரும்பி, "அப்போ நில்லுங்க, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டார். தீவு நின்றது. இரண்டாம் தடவை இரண்டு மைல் தாக்குப்பிடித்து அங்கே சொல்லிவிட்டார். மூன்றாம் தடவை கித்தேரி அவர் வாய் நிறையச் சில்லுக்கருப்பட்டியைத் திணித்து, மடியில் இன்னும் இரண்டு படி கட்டிக் கொடுத்து அனுப்பினாள். வாத்தியார் வாய் திறக்காமல் மென்றுகொண்டே, கண்ணில் நீர் வழிய, மரியாதை கெட்டுப் போகிறோமே என்று அழுதுகொண்டே, தீவை வீட்டுக்குக் கூட்டிப்போனார். பழைய இடம் வந்தபோது வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொல்லக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதனால்தான் மூக்குத்தித் தீவு இப்போது முன்னால் இருந்த இடத்துக்கு அரைக்கால் மைல் வடக்கே இருக்கிறது. மூங்கில் நட்டிருந்த இடம் மட்டும் எங்கோ கடலுக்குள் இருக்கிறது, அதைத் தலைவர் பங்கிராசு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

புதன்கிழமைகளில் கப்பல் வருகிறது. கயித்தான் வலை வீசுவதில்லை, மயில்கோலாவை எப்படிப் பிடித்தான் என்று கையையும் காலையும் ஆட்டிச் சொல்கிறான், மீன் வாரத்துக்கு வாரம் ஒரு முழம் வளர்கிறது. உறைந்த சீலாவைப் பாறையில் போடுகிற வேலையைக் கித்தேரி எடுத்துக்கொண்டாள். விருந்தாளிகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. கயித்தான் இப்போது எங்கே போனாலும், கடலுக்கு என்றாலும் சரி, பீடி வாங்கக் கடைக்கு என்றாலும் சரி, கொல்லைப்பக்கம் ஒதுங்க என்றாலும் சரி, வாசலில் நின்று திரும்பி, ஊருக்கே கேட்கும்படி, "நில்லுட்டி, வந்துருதேன்" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் போகிறான். அந்தக் குரல் கேட்டபிறகுதான் நூற்றுப் பதினெட்டு வீட்டிலும் அடுப்பில் பானை ஏறுகிறது.